கிராபிக்ஸ் கார்டு தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்துகொள்ளட்டும்: முதல்முறை முயல்பவர்களுக்கு

ஓவர்கிளாக் (சிப்பை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்றதுமே, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வோல்டேஜைத் திருக வேண்டியிருக்குமோ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். என்விடியா கார்டு இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். கார்டு எவ்வளவு வேகம் தாங்கும் என்று தானே சோதித்துப் பார்க்கும் ஸ்கேனர் 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகளோடு வந்தது; கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் அது 'ஓசி ஸ்கேனர்' என்ற பெயரில் இருக்கிறது. கார்டு எம்எஸ்ஐ தயாரிப்பாக இருக்க வேண்டியதில்லை. (ஏஎம்டியின் ரேடியான் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அந்நிறுவனத்தின் அட்ரினலின் மென்பொருளிலேயே இதே மாதிரி ஒரு வசதி உண்டு.)

ஆஃப்டர்பர்னரை எம்எஸ்ஐ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இந்தப் பெயரில் மால்வேர் பரப்பிய போலித் தளங்கள் இருந்திருக்கின்றன.

நிறுவியதும் ஸ்கேனரிடம் ஓடாதீர்கள். வழக்கமாக விளையாடும் கேமை அரைமணி நேரம் ஓட்டி, வெப்பநிலை, கிளாக் (சிப் ஓடும் வேகம்), ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சூடு ஏற ஏற கார்டு தன் கிளாக்கைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். அதனால் 80 டிகிரிக்கு மேலேயே நிற்கிறது என்றால், முதல் வேலை தூசி தட்டுவதுதான்.

இனி ஸ்கேன். பிரவுசர் உட்பட எல்லாவற்றையும் மூடுங்கள். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் (மின்சார வரம்பு), டெம்ப் லிமிட் (வெப்ப வரம்பு) இரண்டையும் வலது ஓரம்வரை தள்ளி, டிக் பொத்தானை அழுத்துங்கள். அது தயாரிப்பாளர் அனுமதித்த எல்லைதான். பல லேப்டாப்களில் பவர் லிமிட் பூட்டியே இருக்கும்; விட்டுவிடுங்கள். அடுத்து கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் வளைகோடு ஒன்று திறக்கும். அதில் ஓசி ஸ்கேனர், பிறகு ஸ்கேன் பொத்தானை அழுத்துங்கள். ஃபேன் இரைச்சல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒரு வோல்டேஜைப் பிடித்து, கிளாக்கைப் படிப்படியாகக் கூட்டி, கணக்கில் பிழை வந்ததும் பின்வாங்கி, அடுத்த வோல்டேஜுக்குப் போகிறது. கால்மணி நேரமோ, அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை மவுஸைத் தொடாமல் இருப்பது நல்லது.

முடிந்ததும் கோர் கிளாக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் 'கர்வ்' என்று நிற்கும். டிக் போட்டு, 1-ஆம் எண்ணில் சேமியுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். ஸ்கேன் தேறியது என்றால் கார்டு தேறியது என்று அர்த்தமில்லை. எனக்கு ஒருமுறை ஸ்கேன் சுத்தமாக முடிந்தது. இரண்டு மணிநேரம் கழித்து கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. அப்படி ஆனால், ஸ்கேன் சராசரியாக எவ்வளவு கூட்டியதோ அதில் 30 மெகாஹெர்ட்ஸ் கழித்து, அந்த எண்ணைக் கோர் கிளாக்கில் நீங்களே போடுங்கள்.

பலன் எவ்வளவு? 1900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டு 100 கூடுதலாகப் பெற்றால் சுமார் 5 சதவீதம். 60 ஃபிரேம் 63 ஆகும், அதுவும் எல்லாம் கூடிவந்தால். அந்தத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெமரி ஸ்லைடரை இப்போதைக்குத் தொட வேண்டாம். சில என்விடியா கார்டுகளில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி, பிழை வந்தால் தரவைத் திரும்ப அனுப்பிச் சமாளித்துக்கொள்ளும். கேம் நிற்காது, ஃபிரேம் மட்டும் குறையும். கூட்டியதால்தான் குறைந்தது என்று புதியவர்களுக்குப் பிடிபடாது.

விண்டோஸ் தொடங்கும்போதே ஓவர்கிளாக்கை ஏற்றும் பொத்தானை ஒரு வாரம் கழித்து அழுத்துங்கள். அதுவரை எது தகராறு செய்தாலும் ஒரு ரீஸ்டார்ட் போதும், கார்டு பழைய நிலைக்கே வந்துவிடும்.