ஓக் ஆலி மாளிகையை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்

அமெரிக்காவின் லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில், நியூ ஆர்லியன்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது ஓக் ஆலி என்ற பழைய கரும்புத் தோட்ட மாளிகை. போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இருபுறமும் ஓக் மரங்கள் நிற்கும் மரச்சாலையில் நின்று படம் எடுத்து, மாளிகைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் பின்பக்கம் இருக்கும் அடிமைக் குடியிருப்புக்குப் போங்கள். அங்குள்ள மரக் குடிசைகள் 2013இல் திரும்பக் கட்டப்பட்டவை. ஒன்றின் சுவரில், இந்தக் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். அவசரப்படாமல் படியுங்கள்.

அந்தப் பெயர்களில் அந்துவானைத் தேடுங்கள். தோட்டக்காரர். 1846 குளிர்காலத்தில் பீக்கன் என்ற கொட்டை மரத்தை ஒட்டுக்கட்டி, ஓடு எளிதில் உடையும் ரகம் ஒன்றை உருவாக்கியவர். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தக் கொட்டைக்குப் பரிசு கிடைத்தது. ஆனால் 1848இல் முதலாளி இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில், ஆடுமாடு, தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்து, அந்துவானுக்கும் 1,000 டாலர் என்று விலை போட்டிருந்தார்கள். எனக்கு இந்த இடத்தின் முழு வரலாறும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சரி, இப்போது மாளிகைக்கு வாருங்கள். ஜாக் ரோமன் என்ற முதலாளிக்காக 1837இல் தொடங்கி 1839இல் முடித்த வீடு. செங்கல் அறுத்ததும் சுமந்ததும் அடிமைகள்தான். கிரேக்கக் கோயில் பாணியில் சுற்றிலும் 28 தூண்கள்; எதிரே இரண்டு வரிசையாக 28 ஓக் மரங்கள், அவை வீட்டைவிட ஏறக்குறைய நூறு ஆண்டு மூத்தவை. தூண்களைப் பார்த்தால் பளிங்கு மாதிரி தெரியும், உள்ளே செங்கல்தான், மேலே பூச்சு. வராந்தாவில் நின்று, வெயில் சுவரைத் தொடாமல் இருக்க அதை எவ்வளவு அகலமாக விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சுவர் 16 அங்குலக் கனம், உயரமான கூரை, எதிரெதிரே கதவுகள். ஆற்றுக் காற்று மரங்களின் நடுவே வந்து வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும்.

சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். நம் ஊரில் வெள்ளைக்காரர் பங்களாக்களில் தொங்கிய அதே பங்கா, கயிறு கட்டி இழுக்கும் விசிறி! முதலாளி வீட்டார் சாப்பிட்டு முடியும்வரை யாரோ ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்தக் கயிறு எங்கே போகிறது, இழுப்பவர் எங்கே நின்றிருப்பார் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1866இல் தோட்டம் 32,800 டாலருக்கு ஏலம் போனது. அப்புறம் பல கை மாறிப் பாழடைந்து கிடந்ததை 1925இல் ஸ்டூவர்ட் தம்பதி வாங்கிப் புதுப்பித்தார்கள். நீங்கள் பார்க்கும் பளபளப்பில் அந்தக் காலத்து வேலையும் உண்டு.

மரச்சாலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டைத் தாண்டி ஆற்றங்கரை மேட்டில் ஏறிப் பார்த்தால்தான் வீடு ஏன் ஆற்றைப் பார்த்து நிற்கிறது என்பது புரியும். அந்தக் காலத்தில் சர்க்கரை போனதும் விருந்தாளி வந்ததும் படகில்தான். நேரம் இருந்தால் பக்கத்திலேயே விட்னி தோட்டம் இருக்கிறது. 2014இல் திறந்த அந்த அருங்காட்சியகம் முழுக்க அடிமைகளின் வாழ்க்கையைப் பற்றியது, அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.