ஆய்வுக் கட்டுரையை நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு மருந்து பலன் தருகிறது என்று ஆய்வுக் கட்டுரை ஒன்று சொன்னால், நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அது எந்த இதழில் வந்தது, முடிவாக என்ன சொல்கிறது என்பதைத்தான். இவ்விரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் படிக்க வேண்டியது ஆய்வுமுறையை விளக்கும் பகுதி. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே தெளிவான விடை இருக்க வேண்டும்.

மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கோவிட்-19 நோய்க்குப் பலன் தருகிறது என்று 2020 மார்ச்சில் பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து வந்த கட்டுரையை இப்படிப் படித்துப் பாருங்கள். மருந்து எடுத்துக்கொண்ட 20 பேரில் 14 பேருக்கு, அதாவது 70 சதவீதத்தினருக்கு, ஆறாம் நாளில் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் இல்லை. மருந்து எடுக்காத 16 பேரில் அந்த விகிதம் 12.5 சதவீதம்தான். ஆனால் மருந்தைத் தொடங்கியவர்கள் 26 பேர். விடுபட்ட ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்தவர், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தியவர், ஒருவர் மருத்துவமனையை விட்டுச் சென்றவர். இவர்களையும் கணக்கில் சேர்த்து 14-ஐ 26-ஆல் வகுத்தால் 70 சதவீதம் சுமார் 54 ஆகிவிடுகிறது. ஒப்பீட்டுக் குழுவோ குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. சிகிச்சையை மறுத்தவர்களும் வேறு மருத்துவமனைகளில் இருந்தவர்களுமே அதில் இருந்தனர். இவையெல்லாம் கட்டுரைக்குள்ளேயே அச்சாகியிருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. பொறுமையாகப் படிக்கும் எவராலும் இவற்றைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

அடுத்து, ஆய்வு தொடங்கும் முன் செய்யப்பட்ட பதிவைத் தேடுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளுக்கு இதற்கென்றே ஒரு தேசியப் பதிவேடு உண்டு. அதை எவரும் இணையத்தில் பார்க்கலாம். எதை, எந்த நாளில் அளக்கப்போகிறோம் என்று பதிவில் சொன்னதும் கட்டுரையில் அளந்ததும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். மார்செய் ஆய்வின் பதிவில் 1, 4, 7, 14 ஆகிய நாட்கள் குறிக்கப்பட்டிருந்தன. கட்டுரை முன்னிறுத்தியதோ ஆறாம் நாளை.

இதழின் பெயர் மட்டுமே காப்பாகாது. அதே ஆண்டு மே 22 அன்று, அதே மருந்து உயிரிழப்பை அதிகரிக்கிறது என்ற கட்டுரையை உலகப் புகழ் பெற்ற லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. 671 மருத்துவமனைகள், சுமார் 96,000 நோயாளிகள் என்ற எண்ணிக்கையே பலரை நம்பவைத்தது; உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆனால் ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் நேர்ந்ததாகக் கட்டுரை காட்டிய மரணங்கள் 73. அந்த நாடு முழுவதிலும் அதுவரை பதிவானவையே 67. தரவை வைத்திருந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதைத் தனிக் குழுவின் சரிபார்ப்புக்குத் தர மறுத்ததால், ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெளியிடும் முன் பிற ஆய்வாளர்கள் கட்டுரையைப் படித்துச் செய்யும் சக ஆய்வாளர் மதிப்பீட்டில் மூலத் தரவு பொதுவாகச் சோதிக்கப்படுவதில்லை என்பதால், அதை வெளியார் பார்க்க வழி இருக்கிறதா என்று நாம்தான் தேட வேண்டும்.

பிரிட்டனில் நடந்த ரெக்கவரி சோதனையையும் இவற்றோடு வைத்துப் படிப்பது பயனுள்ளது. அங்கே குலுக்கல் முறையில் 1,561 பேருக்கு இந்த மருந்தும் 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சையும் கிடைத்தன. அளந்தது மூக்கிலுள்ள வைரஸை அல்ல, 28 நாட்களுக்குள் நேர்ந்த மரணத்தை. விகிதங்கள் முறையே 27 சதவீதம், 25 சதவீதம். மருந்து உயிரைக் காக்கவில்லை என்பது இப்படித்தான் உறுதியாயிற்று.

சதவீதங்களைப் படிக்கும்போது 'ஆபத்து பாதியாகக் குறைந்தது' என்ற வாக்கியத்தோடு நின்றுவிடாமல், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேட்க வேண்டும்; ஆயிரத்தில் இருவர் ஒருவரானாலும் அது பாதிதான். ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்ற குறிப்பையும் படியுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து ஓர் ஆய்வைத் தள்ளிவிட வேண்டாம்.

இறுதியாக, கட்டுரையின் தலைப்பை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் தேடி, திரும்பப் பெற்றதற்கான அறிவிப்பு உள்ளதா என்று பாருங்கள். அறிவிப்பு இல்லை என்பதை நற்சான்றாகக் கொள்ள முடியாது: மார்செய் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2024 டிசம்பரில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் எழுதப்பட்ட கட்டுரை ஏதேனும் அதை மேற்கோள் காட்டினால், அந்த மேற்கோளை எடுத்துவிட்ட பிறகும் அதன் வாதம் நிற்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.