இருப்பேடு சொல்வதும் கிடங்கில் இருப்பதும்: விநியோகச் சங்கிலி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விநியோகச் சங்கிலியில் ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் முதலில் தேடுவது தரவு. ஏதாவது ஒரு நிறுவனம் மூன்று ஆண்டு விற்பனைக் கணக்கை எக்செல் கோப்பாகக் கொடுத்துவிட்டால், கடினமான பகுதி முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். என் பார்வையில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கோப்பில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. எவ்வளவு வாங்கி வைப்பது என்று கடைக்காரர் முடிவு செய்தார். என்றைக்கு லாரி அனுப்புவது என்று மொத்த வியாபாரி முடிவு செய்தார். எதைப் பதிவது, எதை விடுவது என்று கணக்கு எழுதுபவர் முடிவு செய்தார். இந்த முடிவுகளைப் பற்றிக் கேட்காமல் எண்களை மட்டும் எடுத்து மாடலுக்குள் போடுவதிலிருந்துதான் இத்துறையின் பெரிய தவறுகள் கிளைக்கின்றன.

விற்றது எவ்வளவு, கேட்டவர்கள் எத்தனை பேர்?

மிகப் பரவலான தவறு, விற்பனையைத் தேவை என்று எடுத்துக்கொள்வது. ஒரு கடையில் ஒரு நாளில் 20 பாக்கெட் பால் விற்றதாகப் பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு வந்ததே 20 பாக்கெட் என்றால், கேட்டு வந்தவர்கள் 20 பேரா 45 பேரா என்பது அந்தப் பதிவிலிருந்து தெரியாது. விற்பனைக் கணக்கை வைத்தே முன்கணிப்பு செய்தால் நாளைக்கும் 20 போதும் என்றுதான் விடை வரும். பால் தீர்ந்துபோன கடைக்கு அடுத்த முறை வராதவர்களால் விற்பனை இன்னும் குறையும். முன்கணிப்பும் அதைப் பின்தொடர்ந்து இறங்கும். இதற்கிடையில் ஒரு பிராண்டு தீர்ந்ததால் வேறு வழியின்றிப் பக்கத்துப் பிராண்டை வாங்கியவர்கள், அந்தப் பிராண்டின் 'தேவையை' உயர்த்திக் காட்டியிருப்பார்கள்.

சரக்கு தீர்ந்துபோன நாள்களைத் தரவிலிருந்து நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறுதான். சரக்கு தீர்வது பெரும்பாலும் கூட்டம் அதிகமாக வந்த நாள்களில். அவற்றை நீக்கினால் எஞ்சுவது மந்தமான நாள்களின் சராசரி. கடைசிப் பாக்கெட் எத்தனை மணிக்கு விற்றது என்று கேட்டு வாங்குங்கள். காலை 8 மணிக்கே தீர்ந்ததா, இரவு 9 மணிக்குத் தீர்ந்ததா என்பது தெரிந்தால், 'தேவை 20 அல்லது அதற்கு மேல்' என்ற தகவலை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்கிடும் புள்ளியியல் முறைகள் இருக்கின்றன.

கணினி காட்டும் கையிருப்பையும் அப்படியே நம்ப முடியாது. நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளைப் பார்த்தார்கள். அவற்றில் 65 சதவீதம் உண்மையான கையிருப்போடு பொருந்தவில்லை. இரண்டு வாசனைகளில் இரண்டு சோப்பு வாங்கினால் காசாளர் ஒன்றையே இருமுறை ஸ்கேன் செய்வார்; ஒரு வாசனையின் பதிவு உண்மையான கையிருப்பைவிடக் குறைவாகவும், மற்றதன் பதிவு கூடுதலாகவும் இருக்கும். திருட்டு, இடம் மாற்றி அடுக்குவது, உடைந்ததை எழுதாமல் விடுவது என்று காரணங்கள் ஏராளம். அலமாரி காலியாக இருக்கும்போது கணினி நான்கு இருப்பதாகக் காட்டினால் புதிய ஆர்டர் போகாது. அந்தப் பொருளுக்கு வாரக்கணக்கில் பூஜ்ய விற்பனை பதிவாகும். ஆய்வாளர் அதைப் பார்த்து 'தேவை அருகிய பொருள்' என்று எழுதுவார். ஓர் ஐம்பது பொருள்களையாவது நேரில் போய் எண்ணிப் பார்த்துவிட்டு மாடலைத் தொடங்குங்கள்.

ஆர்டர்கள் ஏறி இறங்குவதெல்லாம் சாட்டை விளைவா?

குழந்தைகள் டயப்பரை ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்கு விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த பாம்பர்ஸ் ஆர்டர்கள் பெரிதாக ஏறி இறங்கின. கைப்பிடியில் சிறு அசைவு நுனியில் பெரிதாவதுபோல், சங்கிலியில் மேலே போகப் போக ஆர்டரின் ஏற்ற இறக்கம் பெருகும் இந்தச் சாட்டை விளைவுக்கு, 1997-இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூவரும் நான்கு காரணங்களைச் சொன்னார்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக முன்கணிப்பு செய்வது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புவது, தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாடு வரும் என்று பயந்து தேவைக்கு மேல் கேட்பது. நான்குமே நிலைமையைப் பார்த்து மனிதர்கள் நியாயமாகவே எடுக்கும் முடிவுகள்.

அந்த மூவரின் கட்டுரை புகழ்பெற்றதால் ஒரு வழக்கம் உருவானது. எங்கே தரவு கிடைத்தாலும் ஆர்டரின் மாறுபாட்டை விற்பனையின் மாறுபாட்டால் வகுத்து, ஒன்றுக்கு மேல் வந்தால் சாட்டை விளைவு நிரூபணமானது என்று எழுதுகிறார்கள். 2007-இல் கஷோன், ரான்டல், ஷ்மிட் மூவரும் அமெரிக்கத் தொழில்துறைத் தரவுகளை ஆராய்ந்தபோது, மொத்த வணிகத்தில் இந்த விளைவு தெரிந்தது. சில்லறை வணிகத்தில் பொதுவாகத் தெரியவில்லை. பெரும்பாலான உற்பத்தித் துறைகளிலும் இல்லை. பண்டிகைக் காலம் வருவது முன்கூட்டியே தெரிந்தால், உற்பத்தியாளர் சில மாதங்களுக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வைத்து ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக்கொள்வார். பருவகால மாற்றத்தை நீக்கிவிட்டுத் தரவைப் பார்ப்பவருக்கு இந்தச் சமன்படுத்தல் கண்ணில் படாது. மாதக் கணக்காகவும் துறைவாரியாகவும் கூட்டிய தரவு ஒன்றைச் சொல்லும்; ஒரு பொருளின் வாரக் கணக்கு வேறொன்றைச் சொல்லும். எந்த அளவில், எந்தக் காலப்பிரிவில் அளந்தேன், அங்கே முடிவெடுப்பவர் யார் என்பதை ஆய்வேட்டின் முதல் பக்கங்களிலேயே எழுதிவிட வேண்டும்.

கொள்முதல் நிலைய வாசலில் சூத்திரம்

வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டைப் பயன்படுத்தி ஆய்வு செய்ய விரும்புபவர்களுக்குக் காவிரி டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இயல்பான களம். விவசாயிகள் வருகிறார்கள், காத்திருக்கிறார்கள், எடை போட்டுப் பணம் பெறுகிறார்கள். பாடப்புத்தகத்தின் முதல் மாடலை எடுத்துப் பொருத்திவிடத் தோன்றும். அந்த மாடலின் அனுமானங்கள் அங்கே எப்படி ஒவ்வொன்றாக முறிகின்றன என்று பார்ப்பது, இந்தத் துறையைக் கற்கச் சிறந்த வழிகளில் ஒன்று.

பாடப்புத்தக மாடலில் வாடிக்கையாளர்கள் ஒருவரோடொருவர் தொடர்பின்றி, மாறாத சராசரி வேகத்தில் வருகிறார்கள். டெல்டாவில் வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், ஒரே பாசனப் பகுதியில் உள்ளவர்கள் அடுத்தடுத்த நாள்களில் குறுவை நடவு செய்கிறார்கள். அறுவடை இயந்திரம் ஓர் ஊருக்குள் வந்தால் பக்கத்துப் பக்கத்து வயல்களைச் சேர்த்து அறுத்துவிட்டுப் போகிறது. ஒருவருடைய நெல் வரும் நாளில் அவருடைய பக்கத்து வயல்காரரின் நெல்லும் வருகிறது. குறுவை அறுவடை முடிவதும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் நெருங்கி வருவதால், எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படுகிறார்கள். இந்த வருகைக்கு நிலையான சராசரி கிடையாது. பருவம் முழுவதற்கும் ஒரு சராசரி எடுத்தால், ஆள் வராத வாரங்களும் நெல் குவிந்து கிடக்கும் வாரங்களும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

சேவை நேரமும் வருகையைச் சார்ந்தே இருக்கிறது. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்த வரம்பைத் தளர்த்தும்படி மத்திய அரசிடம் மாநில அரசு கேட்பது வழக்கம். மழை பெய்தால் வரிசையில் இருக்கும் நெல்லே நனைகிறது; மறுபடி காயவைக்க வேண்டும். அதாவது காத்திருப்பே சேவை நேரத்தைக் கூட்டுகிறது. பாடப்புத்தக மாடலில் இதற்கு இடமே இல்லை.

அடுத்தது தடை எங்கே என்ற கேள்வி. தூற்றி, ஈரப்பதம் பார்த்து, எடை போட்டு, சாக்கில் பிடித்துத் தைத்து அடுக்கும் வேகத்தை மட்டும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்துவிட்டு, இன்னொரு தராசு வைத்தால் வரிசை பாதியாகும் என்று முடிவு எழுதிவிடலாம். அடுக்கிய மூட்டைகளைக் கிடங்குக்குக் கொண்டுபோக லாரி வரவில்லை என்றால் நிலையத்தில் இடம் நிரம்பி, எடை போடுவதே நின்றுவிடும். சாக்கு தீர்ந்தாலும் அதே கதி. அப்போது வரிசையின் நீளத்தைத் தீர்மானிப்பது லாரி ஒப்பந்தமும் கிடங்கின் கொள்ளளவும். இரண்டுமே ஆய்வாளர் நின்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஒரே ஒரு நிலையத்தை மட்டும் ஆராய்ந்தால் இது தெரியவே தெரியாது.

பதிவேட்டைப் பார்ப்பவருக்கு இன்னொரு பொறியும் உண்டு. அதில் இருப்பது கடைசியில் நெல்லை விற்றவர்களின் கணக்கு. காத்திருக்க முடியாமல், கடன் நெருக்கியதால், குறைந்த விலைக்குத் தனியார் வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் போனவர் அந்த ஏட்டில் இல்லை. காத்திருப்பால் மிக அதிகம் இழந்தவரை விட்டுவிட்டுச் 'சராசரிக் காத்திருப்பு நேரம்' கணக்கிடுவதை வெறும் கணக்குப் பிழை என்று என்னால் கடந்துபோக முடியாது. நெல் குவியலுக்குப் பக்கத்தில் இரவில் படுத்துக் காவல் காக்கும் மனிதர்களைப் பற்றிய ஆய்வு இது. அங்கே இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும்.

கேள்வித்தாள் ஆய்வுகள்

நம் மேலாண்மைக் கல்லூரிகளில் அதிகம் நடப்பது இதுதான். 'எங்கள் நிறுவனம் சப்ளையர்களோடு தகவல் பகிர்கிறது', 'எங்கள் செயல்திறன் சிறப்பாக இருக்கிறது' என்ற இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே மேலாளர், ஒரே நேரத்தில், ஐந்து புள்ளி அளவுகோலில் குறி போடுகிறார். இரண்டும் சேர்ந்து உயர்கின்றன என்று கண்டால், அதில் எவ்வளவு நிறுவனத்தைப் பற்றியது, எவ்வளவு அந்த மேலாளரின் மனநிலையைப் பற்றியது என்று பிரிக்க முடியாது. எல்லா விடைகளுக்கும் பின்னால் ஒரே காரணிதான் இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்மன் ஒற்றைக் காரணிச் சோதனையை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவது இதற்குத் தீர்வாகாது. தகவல் பகிர்வை மேலாளரிடம் கேளுங்கள். செயல்திறனை டெலிவரி சலானிலிருந்தும் திருப்பி அனுப்பிய சரக்குக் கணக்கிலிருந்தும் எடுங்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பது இன்னும் முக்கியம். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி சீராக்குவது), பிரின்டிங், தையல், செக்கிங் என்று பல கைகள் மாறுகிறது. பல கட்டங்கள் தனித்தனி ஜாப் வொர்க் யூனிட்களில் நடக்கின்றன. ஏற்றுமதியாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை மட்டும் வைத்துக் கேள்வித்தாள் அனுப்பிவிட்டு 'திருப்பூர் விநியோகச் சங்கிலி' என்று தலைப்பிட்டால், சங்கிலியின் ஒரு வளையம் மட்டும்தான் பேசியிருக்கிறது. பணம் தாமதமாவதும் ஆர்டர் திடீரென ரத்தாவதும் எங்கே வலிக்கிறது என்பது அந்தச் சிறு யூனிட்களில்தான் தெரியும்.

ஊரின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணியை வெளிமாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்றும் நிலை வந்தது. அந்த ஆண்டை உள்ளடக்கிய எந்தக் காலத்தொடர் தரவிலும் அது ஒரு முறிவு. அதை அறியாமல் போக்குக் கோடு வரைபவர், நீதிமன்றத் தீர்ப்பின் விளைவை மேலாண்மைத் திறமையின் விளைவாக விளக்கிவிடுவார்.

மூன்றாம் தசமத் துல்லியம்

ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் செய்தால் செலவு மிகக் குறையும் என்று சொல்லும் சிக்கன ஆர்டர் அளவுக்கான சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் கொடுத்தார். அதன் பிறகு, கெட்டுப்போகும் பொருள், பணவீக்கம், தாமதக் கட்டணம் என்று ஓர் அனுமானத்தைச் சேர்த்து, கற்பனை எண்களால் ஓர் எடுத்துக்காட்டு போட்டு, மிகச் சிறந்த அளவு 147.382 என்று முடிக்கும் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஹாரிஸ் சூத்திரத்தின் செலவு வளைகோடு அடியில் மிகத் தட்டையானது. சரியான அளவைவிட 50 சதவீதம் அதிகமாக ஆர்டர் செய்தாலும், ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்த தொகை சுமார் 8.3 சதவீதம்தான் கூடும். புதிய அனுமானத்தால் விடை ஐந்து சதவீதம் நகர்ந்தது என்றால், நடைமுறையில் எதுவுமே நகரவில்லை. அந்த உழைப்பை, ஓர் ஆர்டர் போட உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று ஒரே ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்து அளப்பதில் செலவிட்டால் படிப்பவருக்குப் பயன் கிடைக்கும்.

ஒற்றை நிகழ்வை வைத்து வாதாடுவதையும் தவிர்க்க வேண்டும். 1997 பிப்ரவரி 1-இல் ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. பிரேக் வால்வு ஒன்றுக்கு அந்த ஆலையையே பெரிதும் நம்பியிருந்த டொயோட்டாவின் உற்பத்தி நின்றது. மற்ற சப்ளையர்கள் கூடி அந்த வால்வைச் செய்து கொடுத்ததால் சில நாள்களிலேயே மீண்டது. கையிருப்பை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளும் டொயோட்டாவின் முறை ஆபத்தானது என்பவரும் இதைக் காட்டலாம். அந்த முறை வளர்த்த உறவுதான் காப்பாற்றியது என்பவரும் இதையே காட்டலாம். அந்த ஒரு நிகழ்வால் இருவருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முன்கணிப்பு ஆய்வுகளுக்கு இரண்டு குறிப்புகள் போதும். பூஜ்ய விற்பனை நாள்கள் உள்ள உதிரிபாகங்களுக்குச் சதவீதப் பிழையை அளவுகோலாக வைக்காதீர்கள்; அது பிழையை உண்மையான விற்பனையால் வகுப்பது, பூஜ்யத்தால் வகுக்க முடியாது. எவ்வளவு நவீன மாடலானாலும், 'சென்ற வாரம் போலவே இந்த வாரம்' என்ற எளிய கணிப்போடு முதலில் ஒப்பிடுங்கள்.

நிறுவனத்திடம் தரவு கேட்கும் கடிதத்தில் சேர்க்க வேண்டியவை இரண்டு. இந்தக் காலத்தில் மென்பொருளோ பொருள் குறியீடுகளோ மாறினவா என்று கேளுங்கள். மாறியிருந்தால் தேதி வாங்குங்கள். நிறுத்தப்பட்ட பொருள்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இன்று விற்பனையில் உள்ளவற்றின் கணக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்; தோற்றுப்போன பொருள்களின் கணக்கு பழைய சர்வரில் இருக்கும். அதையும் கேட்டு வாங்க வேண்டும்.