போனி சிலிண்டரை இடது பக்கம் மாட்டுவது எப்படி: சென்னைக் கடலில் டைவ் செய்பவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அடையாறும் கொசஸ்தலையும் கொண்டுவந்து கொட்டும் சேற்றில், கூட வந்தவர் இரண்டு மீட்டர் தள்ளிப் போனாலே கண்ணுக்குத் தெரியமாட்டார். பாறைகளில் அறுந்த வலை வேறு சிக்கிக் கிடக்கும். அங்கே காற்று நின்றுபோனால் அவரைத் தேடிப் போக நேரம் இருக்காது. அதற்காகத்தான் தனி ரெகுலேட்டரோடு (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுவிடத் தரும் கருவி) கூடிய சிறு சிலிண்டர், அதாவது போனி.

முதலில் அளவு. பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பார் என்று வையுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், அதாவது மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு காற்று செலவாகும். நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், அதற்கே 160 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டருக்கு ஏற ஏறக்குறைய 305, அங்கே மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 180, மேலே வர இன்னும் 30. மொத்தம் 675 லிட்டர். 19 கனஅடி சிலிண்டரில் 200 பாரில் இருப்பது சுமார் 540 லிட்டர்தான். 20 மீட்டர் வரை அது போதும். 30 மீட்டருக்குப் போகிறவர்கள் 30 கனஅடி வாங்குங்கள், அதில் 850 லிட்டர் வரை நிற்கும். 13 கனஅடி விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

பெரிய சிலிண்டரோடு பட்டை போட்டு முதுகில் கட்டும் முறையும் உண்டு. சென்னைக்கு அதை நாங்கள் சொல்லமாட்டோம். வால்வு கைக்கு எட்டாது, காற்றழுத்த மீட்டரைப் பார்க்க முடியாது, முதுகில் வலை மாட்டினால் கழற்றவும் முடியாது. இடது பக்கத்தில் தொங்கவிடுவதே சரி.

தேவையானவை: 316 ஸ்டீல் போல்ட் ஸ்னாப் (ஸ்பிரிங் வைத்த கொக்கி) இரண்டு, 6 மி.மீ. நைலான் கயிறு ஒன்றரை மீட்டர், ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் (திருகினால் இறுகும் வளையப் பட்டை) ஒன்று, பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு, ஸ்கூட்டர் டியூப் ஒரு துண்டு. கயிறு காசிமேட்டிலும், கிளாம்ப் பாரிமுனை ஹார்ட்வேர் கடைகளிலும் கிடைக்கும். சிலிண்டரின் சுற்றளவை டேப்பில் அளந்து 3.14 ஆல் வகுத்து, அந்த விட்டத்துக்குக் கிளாம்ப் கேளுங்கள். கடைக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பட்டை ஸ்டீலாகவும் திருகு வெறும் இரும்பாகவும் இருக்கும் கிளாம்ப் நிறைய விற்கிறது. காந்தம் திருகில் பச்சக்கென்று ஒட்டினால் வேண்டாம், சில டைவிலேயே துருப்பிடித்து இறுகிவிடும்.

பிசிடியை (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) அணிந்துகொண்டு, அதன் இடது தோளில் உள்ள டி ரிங்கிலிருந்து (D வடிவ வளையம்) இடுப்பு டி ரிங் வரை கூட இருப்பவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்னாப்புக்கும் நடுவே அந்த இடைவெளிதான் வரவேண்டும். கிளாம்ப் பட்டையைச் சைக்கிள் டியூபுக்குள் நுழைத்து உறை போடுங்கள். உப்புத் தண்ணீரில் ஸ்டீல் நேராக அலுமினியச் சிலிண்டரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அலுமினியம் அரித்துக் குழி விழும். கயிற்றை இரண்டாக மடித்து வால்வின் கழுத்தில் வளையமாகக் கட்டி, முடிச்சிலேயே மேல் ஸ்னாப்பைக் கோர்த்துவிடுங்கள். ஸ்னாப்புக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு மூன்று செ.மீ. போதும். நீளம் கூடினால் சிலிண்டரின் தலை தொங்கும். ஒரேயடியாகக் குறைந்தால் விரல் நுழையாது. கயிற்றின் மீதியைச் சிலிண்டர் நெடுகக் கொண்டுவந்து, அளந்த இடத்தில் கீழ் ஸ்னாப்பைக் கட்டி, முனைகளைக் கிளாம்புக்கு அடியில் விட்டு முறுக்குங்கள். கயிற்று நுனிகளை நெருப்பில் உருக்கிவிடுங்கள்.

ஸ்னாப்பை இரும்பு வளையம் வைத்து மாட்டவே கூடாது. ஸ்னாப் சிக்கினாலோ வலை சுற்றிக்கொண்டாலோ கத்தியால் அறுத்து விடுபடக் கயிறுதான் வேண்டும்.

ஸ்கூட்டர் டியூபை மூன்று செ.மீ. அகலத்தில் இரண்டு வளையமாக வெட்டிச் சிலிண்டரில் ஏற்றினால், ஹோஸை மடித்துச் செருகலாம். செகண்ட் ஸ்டேஜை (ரெகுலேட்டரில் வாயில் வைக்கும் பகுதி) அங்கே செருகாமல், இழுத்தால் கழன்றுவிடும் ரப்பர் வளையத்தில் கழுத்தில், தாடைக்குக் கீழே தொங்கவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் அங்கே இருக்கும். அதன் மவுத்பீஸ் மற்றதைவிட வேறு வடிவில் இருக்கட்டும். போனியில் அதிகம் நடக்கும் தவறு, டைவ் தொடக்கத்திலேயே அதைத் தவறுதலாக வாயில் வைத்துக் காலி செய்துவிடுவது.

வால்வைத் திறந்தே வையுங்கள். மூடிவைத்தால், ஹோஸில் அழுத்தம் இறங்கியதும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் (ரெகுலேட்டரில் வால்வோடு மாட்டும் பகுதி) தண்ணீர் புகலாம், தேவைப்படும் நொடியில் வால்வுக் குமிழைத் தேடவும் வேண்டும். திறந்திருப்பதால் காற்று தானாகக் கொட்டக்கூடும். அதனால் செகண்ட் ஸ்டேஜில் காற்று கொட்டுவதைக் குறைக்கும் லீவர் இருந்தால் மைனஸில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனி மீட்டரைப் பாருங்கள்.

நெரிசலான ஃபைபர் போட்டில் போனியோடு பின்பக்கமாகக் குதிப்பது சிரமம். கயிறு கட்டி இறக்கச் சொல்லி, தண்ணீரில் வாங்கி மேல் ஸ்னாப்பை முதலில், கீழ் ஸ்னாப்பைப் பிறகு மாட்டுங்கள். வால்வு இடது அக்குளுக்குக் கீழ் நிற்க வேண்டும். மூழ்கும் முன் போனியில் நான்கு மூச்சு இழுத்து, மீட்டர் முள் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மூச்சுக்கு மூச்சு முள் விழுந்தால் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது. 30 கனஅடி காலியானால் ஒரு கிலோ எடை குறைந்து அடிப்பக்கம் மேலே தூக்கும், எடைக்கட்டு போடும்போதே அதைக் கணக்கில் வையுங்கள். போனிக் காற்றை நம்பி டைவ் நேரத்தை மட்டும் நீட்டாதீர்கள்.

கடலுக்குப் போகும் முன் நீச்சல் குளத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, போனியை மாட்டிக் கழற்றி, அதன் செகண்ட் ஸ்டேஜுக்கு மாறி மூச்சுவிடும் பயிற்சியைப் பத்து முறையாவது செய்யுங்கள்.

திரும்பியதும் கிளாம்பைத் தளர்த்தி, பட்டைக்கு அடியில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மே மாதத்தில் நிரப்பிய சிலிண்டரைப் பூட்டிய காரில் விடவேண்டாம். 27 டிகிரியில் 200 பார் இருப்பது 60 டிகிரியில் 222 பார் ஆகிவிடும். சிலிண்டரின் தோள்பகுதியில் குத்தியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதியைப் பார்த்து, ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் டெஸ்ட்டுக்கு அனுப்பிய பிறகே நிரப்பக் கொடுங்கள்.