மீன்பிடித் தடைக்காலத்தில் பிள்ளைக்குப் பொறுப்பு பழக்க

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபம் பக்கம் வீட்டில் காசு இறுகும் இந்த 61 நாளைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு மொத்தக் கடனும் தெரிய வேண்டாம். இந்த வாரம் எதை வாங்கவில்லை, ஏன் என்று தெரிந்தால் போதும்.

அடுத்து, முடிக்கக்கூடிய ஒரு வேலை. வலையில் உள்ளங்கையகலக் கிழிசலைச் சரிசெய்வது அதற்குப் பொருத்தமாக இருக்கும். பிய்ந்த நூலை வெட்டி ஓரத்தைச் சீராக்கிய பிறகே ஊசியைத் தொட வேண்டும். புதிதாகப் பின்னும் ஒவ்வொரு கண்ணும் (வலையின் ஓட்டை) பழைய கண்ணின் அளவுக்கே வரணும். நைலான் நூல் வழுக்கும். முடிச்சை இழுத்து இறுக்காவிட்டால் நழுவி, கண் பெரிதாகி மீன் தப்பும். அதைப் பார்த்ததும் ஊசியைப் பிடுங்கி நாமே முடித்துவிடுவதுதான் பெற்றோர் செய்கிற தப்பு. பிள்ளையே அவிழ்த்து மறுபடி போடட்டும். கூலி பேசியிருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ராமேஸ்வரத்து அப்துல் கலாம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளை எடுத்து விநியோகிக்க உதவினார், பள்ளிக்கும் போனார். பின்பாதியைச் சிலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்! பள்ளி திறந்தால் வலை வேலை லீவு நாளில் மட்டும்தான். பசி, அடி, ஊரார் முன் ஏச்சு என்று கஷ்டத்தை நாமே உண்டாக்கினால் பிள்ளை மறைக்கவும் பொய் சொல்லவும்தான் பழகும்.