உதவப் போய் உபத்திரவம் ஆகக் கூடாது: குடும்ப வன்முறையில் அக்கம்பக்கத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் மருமகள் அடி வாங்குகிறாள் என்று தெரிந்தால் எல்லோரும் சும்மா இருந்துவிடுவதில்லை. பங்காளி வீட்டுப் பெரியவர், மகளிர் குழுத் தலைவி, எதிர்வீட்டு ஆச்சி என்று நாலு பேர் கிளம்பத்தான் செய்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் நேராகப் போய் உட்காருவது புருஷன் வீட்டு முகப்பில். "ஏன் தம்பி, இதெல்லாம் நல்லாவா இருக்கு?" என்று கேட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். "ஊர் பூரா சொல்லிட்டு வந்தியா?" என்று அன்று ராத்திரி அடி வாங்குவது அவள்தான்.

என்னைக் கேட்டால், பாதித் தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன: அவளைக் கேட்காமலே அவளுக்காக முடிவெடுப்பது. முதலில் அவளைத் தனியாகப் பாருங்கள். குழுக் கூட்டம் முடிந்த பிறகோ, கோயிலுக்குப் போகிற வழியிலோ பேசலாம். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்தான், ஆனாலும் அதைச் செய்ய வேண்டும். சிலருக்கு வீட்டைவிட்டு வர வேண்டும். சிலருக்கு அடி நின்றால் போதும், அதே வீட்டில் இருந்துகொள்வார்கள். இரண்டும் அவள் முடிவு. "இன்னைக்கே பெட்டியைக் கட்டு" என்று வீரம் பேசுவதும் ஆபத்து. அவள் கிளம்பப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிகிற நேரத்தில்தான் வன்முறை உச்சத்துக்குப் போவது வழக்கம். அதனால் வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்பாதீர்கள். 181 மகளிர் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இலவசம், ஆனால் அழைத்த எண் அவள் போனில் பதிவாகி நிற்கும். உங்கள் போனைக் கொடுங்கள். அடி விழுந்துகொண்டிருக்கும்போது என்றால் 112.

அடுத்தது, புகார் கொடுத்தாலே புருஷன் ஜெயிலுக்குப் போய்விடுவான், தாலி போய்விடும் என்கிற பயம். வெளிநாட்டு வேலை கெட்டுவிடுமே என்று பெண்ணைப் பெற்றவர்களே தடுப்பதும் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு மாதிரி. விவாகரத்து கேட்காமலே, அடிக்காதே, கிட்டே வராதே, செலவுக்குப் பணம் கொடு என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். இதற்கென்று சமூக நலத்துறையின் கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததை அறிக்கையாக எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் வேலை, அதற்குக் கட்டணம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கூட அவருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்று சட்டமே சொல்கிறது.

இனி வீட்டு விவகாரம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே பல பங்குகள் இருக்கும். பத்திரம் யாரோ ஒரு பாட்டனார் பெயரில். "இது என் வீடு, வெளியே போ" என்று மாமனார் சொன்னதும், சமாதானம் பேச வந்தவர்களும் "அவர் சொல்றது நியாயம்தானே" என்று தலையாட்டி அவளைப் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். பெரிய தப்பு. குடித்தனம் நடத்திய வீட்டில் இருக்க அவள் பெயரில் பத்திரம் தேவையில்லை. மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. அந்த வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால் வேறு வீடோ வாடகையோ கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். புருஷனை வெளியேறச் சொல்லலாம், மாமியாரையும் நாத்தனாரையும் அப்படிச் சொல்ல முடியாது. இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள், வீணாக எதிர்பார்க்க வேண்டாம்.

நகை, சீர்ப் பொருள்களில் நகரத்தார் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. கல்யாணத்தின்போது கொடுத்ததை வரிசையாக எழுதிய சிட்டை எங்காவது பெட்டகத்தில் கிடக்கும். வெள்ளிப் பாத்திரத்தின் எடைகூட அதில் இருக்கும். அதைப் பழைய காகிதம் என்று விட்டுவிட்டு, "எங்க பொண்ணுக்கு அவ்வளவு போட்டோமே" என்று வாயால் மட்டும் சொல்வது பயன்படாது. மற்ற வீடுகளில் நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம் உதவும். ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, இவற்றின் போட்டோ நம்பிக்கையான ஒருவர் போனில் இருந்தால் போதும். அவளுடைய சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நடப்பதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். கண்ணுக்குக் கீழே வீக்கம், முழங்கையில் கன்றிப்போன தடம், பக்கத்தில் மாமியார். டாக்டர் கேட்கிறார். "படியில வழுக்கிட்டா" என்று மாமியார் பதில் சொல்கிறார், கூடப் போன நம் ஆளும் தலையாட்டுகிறார். விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அப்படியே எழுதப்படும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். "பொண்ணுகிட்ட தனியாப் பேசுங்க டாக்டர்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் பேசி அனுப்பிவைப்பது அதிகம். பேசட்டும், ஆனால் மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் படியிறங்க வேண்டாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழி சொல்லும்.

'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பதும் உண்டு. அங்கே தங்குவது சில நாள்களுக்குத்தான், பொதுவாக ஐந்து நாள். ஆறாம் நாள் எங்கே என்பதை முதல் நாளே யோசிக்க வேண்டும். வளர்ந்த பையனை அங்கே அம்மாவோடு தங்கவிட மாட்டார்கள்; விவரம் தெரியாமல் கூட்டிப் போய்ச் சிக்கலாவதும் நடக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் மருமகள்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். சொத்துக்காக மகன் கையை நீட்டினால், பெரிய வீட்டில் இருக்கும் வயதான ஆச்சியும் இதே சட்டத்தில் மனு போடலாம்.

கடைசியாக, எந்த ஊருக்குப் போவது என்பதிலும் அலைகிறார்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. பொன்னமராவதியில் வாக்கப்பட்ட பெண் காரைக்குடித் தாய் வீட்டுக்கு வந்துவிட்டால், "அங்கே போய்க் கொடு" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே மனு போட அவளுக்கு உரிமை உண்டு. புருஷன் சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் மனுவைக் காரைக்குடியிலேயே கொடுக்கலாம்.