ஸ்பெல்ஜாமர் கப்பலை ஓட்டுவது எப்படி? புதிய ஆட்டக்காரர்களுக்கும் டிஎம்களுக்கும் (ஆட்டத்தை நடத்துபவர்களுக்கும்)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தில் பறக்கும் கப்பல் என்றதும் பாய்மரத்தையும் பலூனையும் தேடாதீர்கள். அந்த ஆட்டத்தின் விண்வெளிக் களமான ஸ்பெல்ஜாமர் உலகில் கப்பலைப் பறக்க வைப்பது ஒரு நாற்காலி. அதற்குப் பெயர் ஹெல்ம். அதில் உட்காரும் ஆள், கப்பலைச் சூழ்ந்திருக்கும் காற்று, கப்பலின் ஈர்ப்பு: இந்த மூன்றையும் கணக்கு வைத்துக்கொண்டால் மீதியை ஆட்டத்தின் போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த உலகம் 1989இல் இரண்டாம் பதிப்புக்காக வந்தது. ஐந்தாம் பதிப்புக்கு 2022இல் திரும்ப வந்தபோது விதிகள் நிறைய மாறிவிட்டன. பழைய விதியில் ஹெல்மில் உட்கார்ந்தவர் அன்றைய மந்திரங்களை இழந்துவிடுவார். உலகங்களுக்கு நடுவே ஃப்ளாஜிஸ்டன் என்ற, தீப்பொறி பட்டால் வெடிக்கும் பொருள் நிறைந்திருக்கும். புதியதில் இரண்டும் கிடையாது. ஃப்ளாஜிஸ்டன் இருந்த இடத்தில் அஸ்ட்ரல் சீ என்ற வெளி. இணையத்தில் இரண்டு பதிப்புக் குறிப்புகளும் கலந்து கிடக்கின்றன, பார்த்து எடுங்கள். கீழே சொல்வதெல்லாம் ஐந்தாம் பதிப்பின்படி.

படி 1: ஓட்டுநரைத் தேர்ந்தெடுங்கள்

ஹெல்மோடு அட்யூன் ஆக, அதாவது அதன் மந்திரத்தோடு தன்னைப் பிணைத்துக்கொள்ள, ஸ்பெல்காஸ்டராக (மந்திரம் போடத் தெரிந்தவராக) இருக்க வேண்டும். மந்திரவாதியான விஸார்டும் பூசாரியான கிளெரிக்கும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தன் இனத்தாலோ வகுப்பாலோ ஒரேயொரு மந்திரம் போட முடிந்தாலும் தகுதி உண்டு. பிறப்பிலேயே ஒரு கேன்ட்ரிப் (சின்ன மந்திரம்) தெரிந்த ஹை எல்ஃப் இன ஃபைட்டர் (போர்வீரர்) ஓட்டலாம். கையில் மந்திரக்கோல் வைத்திருக்கும் சாதாரண ஃபைட்டர் ஓட்ட முடியாது, ஏனென்றால் அந்த மந்திரம் பொருளுடையது, அவருடையது அல்ல.

ஹெல்ம் இல்லையென்றால் செய்துகொள்ளலாம். அதற்கென்றே உள்ள ஐந்தாம் நிலை மந்திரம் ஒன்றும், 5,000 தங்கம் பெறும் படிகக் கோலும், ஒரு நாற்காலியும் போதும். கோல் செலவாகிவிடும். விஸார்டுக்கு இந்த மந்திரம் அந்தப் பாத்திரத்தின் 9ஆம் லெவலில்தான் எட்டும். அதற்கு முன்பே கப்பல் வேண்டுமென்றால் டிஎம்தான் மனசு வைக்க வேண்டும்.

படி 2: ஷிஃப்ட் போடுங்கள்

ஹெல்மை இயக்கும் வரை கான்சென்ட்ரேஷன், அதாவது கலையாத கவனம், வேண்டும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஓட்டுநர் சண்டைக்கு நடுவே பிளெஸ், ஹேஸ்ட் என்று கான்சென்ட்ரேஷன் கேட்கும் எந்த மந்திரத்தைப் போட்டாலும் கப்பலோடு உள்ள பிடி அந்த நொடியே விட்டுப்போகும். அடி வாங்கினால் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ், அதாவது தாக்குப்பிடிக்கும் பகடை, போட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய அடியின் புள்ளிகளில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. 30 புள்ளி அடி வாங்கினால் இலக்கு 15. ஆகவே நல்ல கான்ஸ்டிடியூஷன் உள்ளவரை உட்கார வைத்து, பக்கத்தில் காவலுக்கு ஒருவரை நிறுத்துங்கள். ஹெல்மில் இருப்பவருக்குக் கப்பலில் எந்த இடத்தில் நின்று பார்ப்பது போலவும் எல்லாம் தெரியும், கேட்கும். அதனால் ஹெல்மை மேல்தளத்தில் திறந்த வெளியில் வைக்கவே தேவையில்லை. அடித்தளத்து அறையில் வைத்துக் கதவைப் பூட்டுங்கள்.

பிடி விட்டுப்போனால் கப்பல் என்ன ஆகும் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே டிஎம்மும் ஆட்டக்காரர்களும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நின்ற இடத்திலேயே மிதக்கும் என்று வைப்பது எல்லாருக்கும் சுலபம். கல்லைப் போல விழும் என்று வைத்தால் ஒரே ஒரு மோசமான டி20யில் (இருபது பக்கப் பகடையில்) மொத்தக் குழுவும் காலி.

தூங்கினாலும் கான்சென்ட்ரேஷன் போய்விடும். ஆகவே இரவும் பகலும் ஓட்ட இரண்டு பேராவது வேண்டும், மூன்று பேர் என்றால் வசதி. ஆள் மாற்றும்போது குறுகிய ஓய்வெல்லாம் எடுக்கத் தேவையில்லை. இருப்பவர் ஒரு ஆக்‌ஷன் செலவழித்து, சம்மதிக்கும் இன்னொரு ஸ்பெல்காஸ்டரைத் தொட்டால் அட்யூன்மென்ட் கைமாறிவிடும். ஆனால் ஒருவர் மூன்று பொருள்களோடுதான் அட்யூன் ஆக முடியும். ஏற்கெனவே மூன்று வைத்திருப்பவரைத் தொட்டுப் பயனில்லை. மாற்று ஓட்டுநர் ஒரு இடத்தைக் காலியாகவே வைத்திருக்கட்டும்.

படி 3: இரண்டு வேகங்களையும் பிரித்துப் பாருங்கள்

திறந்த விண்வெளியில் 24 மணி நேரத்துக்கு 10 கோடி மைல். நம் சூரியக் குடும்பத்தை வைத்து அளந்தால் சூரியனிலிருந்து பூமிக்கு 22 மணி நேரத்துக்குச் சற்று மேல், வியாழனுக்கு ஐந்து நாள், நெப்டியூனுக்கு 28 நாள். ஒரே ஓட்டுநர் தினமும் 16 மணி நேரம் ஓட்டினால் இதெல்லாம் ஒன்றரை மடங்காகும்.

ஒரு மைலுக்குள் ஒரு டன் அல்லது அதற்கு மேல் எடையுள்ள எது இருந்தாலும் இந்த வேகம் செல்லாது. பாறை, இன்னொரு கப்பல், செத்து மிதக்கும் திமிங்கிலம், எதுவானாலும் சரி. அப்போது கப்பலின் சொந்த வேகம்தான். 15 பேர் ஓட்டும் ஹேமர்ஹெட் கப்பலுக்கு அது ஒரு ரவுண்டுக்கு (ஆறு விநாடிச் சுற்றுக்கு) 35 அடி, அதாவது மணிக்கு 4 மைல். ஆள் நடக்கும் வேகம்! கொள்ளையர்களுக்கு இது போதும். பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஒரு மைலுக்குள் வந்துவிட்டால், துரத்தப்படும் கப்பல் ஓடித் தப்ப முடியாது.

வேகப் பயணம் விண்வெளியில் மட்டுமே என்பதால் தரையிறங்குவதும் மெதுவாகவே நடக்கும். காற்று மண்டலம் பூமியைப் போல 100 கிலோமீட்டர் என்று டிஎம் வைத்தால், ஹேமர்ஹெட் கீழே வர 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வியாழனுக்கு ஐந்து நாளில் போகிற கப்பலுக்கு இது வேடிக்கையான கணக்குதான். பல டிஎம்கள் இதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள் என்பேன். கீழிருந்து டிராகன் பார்த்துவிட்டால் ஓடி ஒளிய வேகம் இல்லாத அந்த இறக்கம்தான் நல்ல சண்டைக்கு இடம்.

இன்னொன்று: எல்லாக் கப்பலும் தரையில் இறங்காது. சிலது நீரில் மட்டும், சிலது நிலத்தில் மட்டும். கப்பலின் குறிப்பில் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

படி 4: காற்றுக் கணக்கு

கப்பல் ஒரு உலகை விட்டுக் கிளம்பும்போது தன்னைச் சுற்றிக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அது 120 நாள் நன்றாக இருக்கும். அடுத்த 120 நாள் கெட்ட காற்று. சுவாசிப்பவர் பாய்ஸன்ட் (நஞ்சேறிய) நிலையில் இருப்பார். தாக்குவதும் ஏபிலிட்டி செக்கும் (திறன் சோதனை) பாதிக்கும், ஆனால் சேவ் பாதிக்காது. ஆகவே கெட்ட காற்றிலும் ஓட்டுநர் கான்சென்ட்ரேஷனைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்கும் பிறகு மூச்சுத் திணறல், சாவு.

நெப்டியூன் தூரம் போய்த் திரும்ப 56 நாள். 120 நாள் தாராளம். ஆனால் வழியில் உடைந்த கப்பலின் ஆட்களை ஏற்றி எண்ணிக்கை இரட்டிப்பானால் காற்றையும் பாதியாக்குங்கள்: 60 நாள். இப்போது கையிருப்பு நான்கே நாள். காற்று மண்டலமுள்ள ஏதாவது உலகில் நுழைந்தால் காற்று புதிதாகிவிடும். ஏர் பபிள் என்ற இரண்டாம் நிலை மந்திரம் ஒருவருக்கு 24 மணி நேரம் கொடுக்கும். அவசரத்துக்கு உதவும், பயணத்துக்கு உதவாது.

படி 5: ஈர்ப்பு

கப்பலின் ஈர்ப்பு நடுவில் ஒரு தட்டையான தளமாகப் படுத்திருக்கும், அது இருபக்கமும் இழுக்கும். மேல்தளத்தில் நிற்பது போலவே அடிப்பக்கத்திலும் தலைகீழாக நிற்கலாம். தளத்தின் விளிம்பு தாண்டி விழுந்தவர் ஈர்ப்புத் தளத்தைக் கடந்து மறுபக்கம் போய், திரும்ப விழுந்து, மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பார். கயிறு வீசினால் பிடித்துவிடலாம்.

ஆபத்து வருவது கிரகத்தை நெருங்கும்போது. பெரிய பொருளின் ஈர்ப்புதான் வெல்லும். அடிப்பக்கத்தில் நிற்பவரும் அங்கே கட்டாமல் வைத்த சரக்கும் கீழே போய்விடும். காற்று மண்டலத்துக்குள் நுழையும் முன் "அடியில் யாரும் இருக்கிறார்களா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: அடியும் பழுதும்

கப்பலுக்கு டேமேஜ் த்ரெஷோல்டு உண்டு. ஒரே அடியில் அந்த அளவைத் தொடாத எதுவும் கணக்கில் சேராது. அது 15 என்றால், வாளால் 14 புள்ளி வெட்டு வீண். பலிஸ்டா என்ற ராட்சத வில்லின் மூன்று டி10க்கு (பத்துப் பக்கப் பகடைக்கு) சராசரி 16.5, ஆகவே அதுவும் சில முறை வீணாகும். ஏற்ற, குறிபார்க்க, எய்ய ஆளுக்கொரு ஆக்‌ஷன் என்று பலிஸ்டாவுக்கு மூன்று பேர் நின்றால்தான் ரவுண்டுக்கு ஒன்று பறக்கும். பீரங்கி ஆட்டத்தை நீட்டாமல் பக்கத்தில் போய் ஏறிச் சண்டை போடுவதே இந்த விதிகளுக்குப் பொருந்தும்.

துறையில் நிறுத்திப் பழுது பார்த்தால் ஒரு ஹிட் பாயின்ட்டுக்கு (உயிர்ப் புள்ளிக்கு) ஒரு நாளும் 20 தங்கமும். 100 ஹிட் பாயின்ட் என்றால் 100 நாள், 2,000 தங்கம். பழுது பார்க்கும் மென்டிங் கேன்ட்ரிப்போ மணிக்கு ஒருமுறை, ஒரு டி8உடன் மந்திரத் திறனின் மாடிஃபையர் என்ற எண்ணைக் கூட்டிக் கொடுக்கும். மாடிஃபையர் 3 என்றால் சராசரி 7.5, அதே 100 புள்ளி 14 மணி நேரத்தில் செலவில்லாமல் முடிந்துவிடும். கப்பலின் காயம் கதையில் வலிக்க வேண்டும் என்று நினைக்கும் டிஎம், மென்டிங்கை ஒரு நாளைக்கு ஒருமுறை என்று குறைத்துவிடலாம்; ஆட்டக்காரர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.